சும்மாக்காரர் இறக்கம்

மின்ரயில் பணிமனையின் மாடியில்தான் கணக்கம்மாவின் அறை. அந்தப் பெயர் அப்பா அம்மா வைத்ததல்ல, டிரைவர்கள் வைத்தது. வண்டியின் எடை என்ன, எதிர்காற்று எவ்வளவு தடுக்கும், ஏற்றம் எவ்வளவு பின்னால் இழுக்கும், வளைவில் சக்கரம் எவ்வளவு உரசும் என்று எல்லாவற்றையும் கணினியில் போட்டு, ஒரு நடைக்கு வண்டி எத்தனை யூனிட் கரண்ட் தின்னும் என்று சொல்வது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக ஒற்றை ஆளாக வளர்த்த கணக்கு. பெற்ற பிள்ளையைக்கூட அவள் இப்படிச் சீராட்டியதில்லை.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. மேட்டுப்பாதையில் ஒரு நடைக்கு நானூற்றுப் பன்னிரண்டு யூனிட் என்றது கணக்கு. வண்டியில் புதிதாகப் பொருத்திய மீட்டரோ முந்நூற்று எழுபதிலேயே நின்று அடம்பிடித்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒத்து வரலைன்னா வெளியில ரெடிமேடா ஒரு சாஃப்ட்வேர் வாங்கிடலாம்மா" என்று மேலதிகாரி சிரித்தார். சிரிப்பைப் பார், சிரிப்பை!

எடையைச் சரிபார்த்தாள், காற்றைச் சரிபார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். எதிர் நாற்காலி காலி. நாலு வருஷத்துக்கு முன்பு கண்ணை மூடும்வரை அதில் அவள் கணவர் உட்கார்ந்து வம்பிழுப்பார். அவரும் ரயில் டிரைவர்தான்.

"வண்டிய ஓட்டுறவன் நான், கணக்குப் போடுறவ நீ. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா குறைஞ்சா போயிடுவே?"

"ஆமா, ஸ்கூட்டர தெருமுனையிலேயே ஆஃப் பண்ணிட்டு உருண்டு வர்ற ஆளு, எனக்குக் கணக்குச் சொல்ல வந்துட்டாரு!"

என்ன சிரிப்பு சிரித்த நாட்கள் அவை! சரிவான அந்தத் தெருவில் ஸ்கூட்டர் சத்தமே இல்லாமல் வந்து வீட்டு வாசலில் தானாக நிற்கும்.

வியாழக்கிழமை, வேறு வழியில்லாமல் அனுமதி வாங்கி டிரைவர் அறையில் ஏறினாள். மேடு முடிந்து தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் டிரைவர் கைப்பிடியைப் பூஜ்யத்துக்கு இழுத்தார். மோட்டார் இரைச்சல் அடங்கியது.

"ஏங்க, ஸ்டேஷனுக்கு இன்னும் மூணு கிலோமீட்டர் இருக்கே! அதுக்குள்ள ஏன் கரண்ட நிறுத்திட்டீங்க?"

"இனிமே எதுக்கு மேடம்? சும்மாக்காரர் இறக்கம் வந்திடுச்சுல்ல. இந்த லைன்ல எல்லாரும் இங்கதான் விட்டுடுவோம். வண்டி தானா போயிடும்."

"அது யாரு சும்மாக்காரர்?"

டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நம்ம அண்ணன்தான், அண்ணி. 'சும்மா விடுறா, அது போகும்'னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. முதல்ல இங்க விட்டது அவருதான். வீட்டுல உங்ககிட்ட சொன்னதில்லையா?"

சொல்லத்தான் வந்தார், பாவி மனுஷர். அவள்தான் கேட்கவில்லை. அவள் கணக்கில் வண்டி பிரேக் போடும் இடம்வரை கரண்ட் தின்றுகொண்டே இருந்தது. வண்டி ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கணக்கில் ஒரு வரி சேர்த்தாள்: தண்ணீர்த் தொட்டியிலிருந்து கரண்ட் பூஜ்யம். முந்நூற்று எழுபத்தொன்று வந்தது. மேலதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அட, ஒத்து வந்துடுச்சே! ஆனா இந்த வரிக்கு என்னம்மா பேரு இது, சும்மாக்காரர்னு? அறிக்கையில நல்லா இருக்காது. மாத்திடுங்க."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம மாத்த முடியாது சார்" என்றாள்.