கூடை ஏறுது

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினேன். வயதான தேயிலைச் செடியை மறுபடி துளிர்க்கும்படி வெட்டிவிடுகிற வேலை. தோட்டத்து ஆள் பதிவான செக்குரோலில் என் பேர் இருந்தது. அந்தப் பேருக்குத்தான் லயத்து வரிசை வீடுகளில் ஒரு காம்பரா அறை கொடுத்திருந்தார்கள். என் மனைவி வேறு தோட்டத்துக்காரி. எங்கள் தோட்டத்தில் அவளுக்குப் பேர் பதியவில்லை. என் பேர் இருக்கும்வரை எங்களுக்குக் கூரை இருக்கும். பேரை வெட்டினால் காம்பராவை விட வேண்டும். லயத்தில் இது எல்லாருக்கும் தெரியும்.

நாட்டில் சண்டை முடியாத காலம். ஹட்டன் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடை திறந்தார்கள். முன்னால் டெலிபோன் பேசலாம். பின் அறையில் தங்க வியாபாரம். தங்கத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் விலை மட்டும் திரையில் கோடாக ஓடும். ஏறும் என்று காசு கட்டி, ஏறினால் லாபம். இறங்கினால் கட்டிய காசை அது தின்றுவிடும்.

அந்த அறையை நடத்தியவன் எங்களை வேலை வாங்கும் கங்காணியின் மகன். ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியவன். சப்பாத்துப் போட்டிருப்பான். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

கோட்டின் மேல் நாமே வரைந்த படங்களை வைக்கலாம் என்று காட்டினான். கண்ணாடித் தாளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது போல. அடியில் கறுப்பு. அதன்மேல் விலைக் கோடு. அதன்மேல் அம்பு, கட்டம், என்ன வேண்டுமானாலும். மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும். காசு கட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு படம் போட்டு, கோட்டின் நுனியில் உட்கார வைத்தான். ஆட்டோக்காரனுக்கு ஆட்டோ. எனக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கிற கூடை.

"கூடை பொம்பளைங்க தூக்குறதுடா," என்றேன். "கவ்வாத்துக் கத்தி போடு."

"கத்தி வரைய வராதுண்ணே."

ஆட்டோக்காரன் சும்மா இருக்கவில்லை. "லயத்துல சோறு போடுறது யாரு மச்சான்? கூடைதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் விட்டுவிட்டேன். எனக்குத் திரையில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகள் ஓடாது. கூடை மேலே இருந்தால் நல்லது, கீழே இருந்தால் கெட்டது. அதோடு என் படிப்பு முடிந்தது.

காசுக்கு மனைவியின் தோட்டை அடகு வைத்தேன். அவளே கழற்றித் தந்தாள்.

"திரும்பி வருமா?"

"வரும்."

ஓட்டை தூர்ந்துவிடக் கூடாது என்று இரண்டு காதிலும் ஈர்க்குத் துண்டு செருகிக்கொண்டாள்.

கொஞ்ச நாள் கூடை ஏறியது, இறங்கியது. பிறகு ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கங்காணி என்னை எல்லார் முன்னாலும் கேலி பேசினான். "தங்க முதலாளி வந்துட்டாரு, கத்தியத் தொடச்சுக் குடுங்கடா," என்றான். மகன் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும். அன்று நான் மலைக்கு வேலைக்குப் போகவில்லை. பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன்.

பின் அறையில் கூடை திரையின் உச்சியில் இருந்தது. அதற்குமேல் இடமே இல்லை.

"அண்ணே, எங்க போயிட்டீங்க? பாருங்க," என்றான் கங்காணி மகன்.

"ஏன் அசையாம நிக்குது?"

"லைன் ஸ்லோ."

"எவ்வளவு வரும்?"

"இனிமே நீங்க எதுக்குண்ணே கவ்வாத்து வெட்டுறீங்க?"

ஆட்டோக்காரன் என் தோளில் கை போட்டான். "மச்சான், துரை பங்களாவையே வெல பேசு."

நான் விளையாட்டாகக் கேட்கவில்லை. "அப்ப பேரை வெட்டிறலாமா?"

கங்காணி மகன் ஆட்டோக்காரனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இன்னுமா வெட்டல?"

நேராகத் தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வடிவா யோசிச்சனியோ? பேரை வெட்டினால் காம்பராவும் போகும். விளங்குதோ?"

"விளங்குதுங்க."

"பெண்சாதிக்குச் சொன்னனியோ?"

"வெட்டுங்கய்யா."

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் அனுப்பினார். துரை சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். அவர் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி உண்டு. தொழிலாளி யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் உட்கார்ந்தேன். துரை என் காலைப் பார்த்தார். சேறு இருந்தது. கையெழுத்துப் போட்டார். காம்பரா கேட்டு வேறு குடும்பங்கள் காத்திருந்தன. வெளியே வந்து கவ்வாத்துக் கத்தியை ஸ்டோரில் கொடுத்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் காதில் இருந்த ஈர்க்கைத் தொட்டுப் பார்த்தாள். "தோடு வரட்டும், பெறகு பேசுறேன்," என்றாள்.

மறுநாள் தோட்டை மீட்கக் காசு கேட்டு ஹட்டனுக்குப் போனேன். பின் அறையில் வழக்கத்தைவிட ஆள் அதிகம். எனக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

"அண்ணே, இங்க வந்து பக்கத்துல நில்லுங்க," என்றான் கங்காணி மகன். "ஒண்ணொண்ணா எடுக்குறேன்."

முதலில் கூடையை எடுத்தான். பிறகு அது உட்கார்ந்திருந்த கோட்டை எடுத்தான். அது அவன் வரைந்த கோடு. அதன் அடியில் கறுப்பாக ஒரு பெரிய கட்டம் வைத்திருந்தான். அதையும் எடுத்தான். நிஜக் கோடு தெரிந்தது. சிவப்பாகக் கீழே போய்க் கிடந்தது.

"ஒங்க காசு முந்தாநாளே முடிஞ்சிருச்சுண்ணே. மூஞ்சிய எப்படி வச்சுக்குவீங்கன்னு பார்க்கத்தான் மூடி வச்சோம்."

சிரிப்பில் ஆட்டோக்காரனுக்கு இருமல் வந்துவிட்டது. நான் சொன்னேன்.

"பேரை வெட்டிட்டேன்."

சிரிப்பு நின்றது.

"நெசமாவா?" என்றான் ஆட்டோக்காரன். பிறகு மறுபடி சிரித்தான். இந்தத் தடவை இன்னும் பலமாக.

கங்காணி மகன் சிரிக்கவில்லை. "நான் வெட்டுங்கன்னு சொல்லலையே? இன்னுமா வெட்டலன்னுதானே கேட்டேன்," என்றான். கூடையை எடுத்துச் சிவப்புக் கோட்டின் அடியில் வைத்தான். "சரியான எடத்துல இருக்கட்டும்."

ஆபீசுக்குத் திரும்பினேன். பெரிய கிளாக்கர் தலையை நிமிர்த்தவில்லை. "வெட்டினது வெட்டினதுதான். துரையைக் கேள்," என்றார்.

துரை அறையின் வாசலில் நின்றேன். செருப்பைக் கழற்றியிருந்தேன்.

"வா, வா," என்றார் துரை. "ஒக்காரு."

"வேணாங்க ஐயா."

"நேத்து ஒக்காந்ததானே? இன்னைக்கும் ஒக்காரு."

உட்கார்ந்தேன். அவர் பேப்பர் பார்த்தார். டெலிபோன் பேசினார். தேத்தண்ணி வந்தது, குடித்தார். வந்து போனவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கங்காணியும் வந்தான். நான் எழும்பப் போனால் துரை விரலை மட்டும் தூக்குவார். ஃபாக்டரிச் சங்கு ஊதிய பிறகு ஜன்னலைச் சாத்திக்கொண்டே கேட்டார்.

"என்ன வேணும்?"

"பேரைத் திரும்பப் பதியணுங்க."

"காம்பரா குடுத்தாச்சு. வேற ஆள் நாளைக்கு வரும்."

மழையில் சாமான் தூக்கினோம். ஒரு ட்ரங்குப் பெட்டி, இரண்டு பாய், சட்டி பானை. புதுக் குடும்பம் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று நாங்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வழியில் மனைவி இரண்டு காதிலும் இருந்த ஈர்க்கைப் பிடுங்கிச் சாக்கடைக் கானில் போட்டாள்.

அவள் பிறந்த தோட்டம் வட்டகொடைப் பக்கம். அவள் அண்ணன் பேசி அவளுக்குப் பேர் பதிந்து கொடுத்தான். காம்பராவும் அவள் பேரில் கிடைத்தது. எனக்குப் பேர் தரவில்லை. தானாகப் பேரை வெட்டியவன் என்று அங்கேயும் தெரிந்திருந்தது.

முதல் நாள் பெரட்டு முடிந்து பெண்கள் மலைக்கு ஏறினார்கள். எங்கள் வாசலுக்கு நேர் எதிரே அந்த மலை. நான் வாசலில் நின்றேன். அவள் முதுகில் கூடை. கயிறு தலையில். பாதி தூரம் போய் நின்று திரும்பினாள். மலைக்கே கேட்கும்படி கத்தினாள்.

"இங்க பாருங்க! கூடை ஏறுது!"

கதை அவர்களுக்கும் தெரிந்திருந்தது. வரிசை முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

சாயங்காலம் அவள் இறங்கி வருவதற்குள் அடுப்பை மூட்டி அரிசி போட்டு வைத்தேன்.