கெங்கம்மா சொன்ன முதல் விலை

பட்டினப்பாக்கத்துக் கடலோரத்தில் மீன் விற்கும் கெங்கம்மாவுக்கு முதல் விலை என்பது ஒரு வணக்கம், அவ்வளவுதான். பதிலுக்கு வாங்குகிறவர் முகத்தைச் சுளிக்க வேண்டும். நாலடி நடந்து போவது போல நடிக்க வேண்டும். “இன்னாம்மா, கோச்சிக்கினு போற” என்று அவள் கூப்பிட வேண்டும். இந்தச் சடங்கெல்லாம் முடிந்த பிறகுதான் வஞ்சிரத்தின் மேல் கத்தி இறங்கும். பேரம் பேசாமல் வாங்குகிறவர்களை அவள் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

குப்பத்துக்குப் பயிற்சி கொடுக்க வருகிறவர்களுக்கு எப்போதும் பஞ்சமில்லை. மெழுகுவத்தி செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். ஃபினாயில் கலக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். தையல் எத்தனை தடவை நடந்தது என்று தையல் மிஷினுக்கே மறந்திருக்கும். எல்லாவற்றிலும் கெங்கம்மா தேறிவிட்டாள். சான்றிதழ்களை லேமினேட் செய்து கொடுத்திருந்ததால், மழைக்காலத்தில் கூரை ஒழுகும் இடத்தில் செருகத் தோதாக இருந்தது. ஆகவே அந்தப் பயிற்சிகளெல்லாம் வீண் என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட முடியாது.

அவள் மகள் அனுவுக்கு வேறு மாதிரி கிறுக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் பாடத்தோடு சண்டை வந்து பள்ளியை விட்டவள் அவள். ஒருநாள் பக்கத்து வீட்டு லாசர் சாப்பிடப் போன நேரத்தில் அவருடைய படகு இஞ்சினைப் பிரித்துப் போட்டாள். அவர் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் மாட்டி ஓடவும் விட்டாள். லாசர் வாயாரப் புகழ்ந்தார். அடுத்த தடவை இஞ்சின் நின்றபோது காசிமேட்டு மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனார். சான்றிதழ் இல்லாத பெண்ணிடம் கொடுத்தால் ஊர் சிரிக்குமாம். அந்த மெக்கானிக்கிடமும் சான்றிதழ் கிடையாது. ஆனால் மீசை இருந்தது.

அனு தி.நகர்ப் புடவைக் கடை ஒன்றில் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள். வருகிற ஒண்ணாம் தேதி சேர வேண்டும். அங்கே உட்கார ஸ்டூல் உண்டாம், உட்காரத்தான் நேரம் இருக்காதாம்.

இந்த நேரத்தில்தான் குப்பத்தில் வலை பின்னுகிற வலைக்கூடத்தில் பேனர் கட்டினார்கள். உள்ளூர்ப் பொருளாதாரத்துக்கு ஏற்ற திறன் பயிற்சியைத் திட்டமிடப் போகிறார்களாம், அதுவும் மக்களையே கேட்டு. திட்டத்தின் அடையாறு அலுவலகத்திலிருந்து பரத்வாஜ் என்ற இளைஞர் சமோசாவோடு வந்திறங்கினார். அனுவுக்குக் கண்ணில் வெளிச்சம் வந்தது. படகு இஞ்சின் பழுது பார்க்கிற வகுப்பு வேண்டும் என்று கேட்கச் சொல்லி அம்மாவின் முழங்கையை இடித்தாள்.

“சும்மா கெட. நேரா அத்த கேட்டா, கொறைச்சிக் கொறைச்சி தையல் மிஷின்ல வந்து நிப்பாரு. மேலேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றாள் கெங்கம்மா.

எழுந்து நின்றாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். குப்பத்துப் பெண்களுக்கு ஏரோப்ளேன் இஞ்சின் ரிப்பேர் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டாள். பிறகு அவர் முகம் சுளிப்பதற்காகக் காத்திருந்தாள்.

பரத்வாஜ் முகம் சுளிக்கவில்லை. மலர்ந்தார். இத்தனை ஊரில் கூட்டம் போட்டும் இப்படி ஒரு கனவை யாரும் சொன்னதில்லை என்றார்.  அந்த இடத்திலேயே சரி என்றார், எல்லோரையும் கைதட்டவும் சொன்னார்.

கெங்கம்மா நின்றது நின்றபடியே இருந்தாள். ஒத்துக்கொண்ட விலையை விற்கிறவளே குறைப்பதா? அவள் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. கௌரவமாக உட்கார்ந்து சமோசா தின்றாள். அன்றிலிருந்து குப்பம் அவளைப் பைலட் அக்கா என்று கூப்பிட்டது.

சில வாரத்தில் திட்டம் வந்தது. ஏரோப்ளேன் இஞ்சின் வகுப்பு தாம்பரத்தையும் தாண்டி எங்கோ நடக்குமாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குத் தேறியவர்கள் மட்டும் வரலாமாம். மற்றவர்கள் மனம் நோகக் கூடாதே என்று, உள்ளூரிலேயே தையல்.

அனு திட்டவில்லை. திட்டியிருந்தால் கெங்கம்மா திருப்பித் திட்டி நிம்மதியாக இருந்திருப்பாள். அனு பாட்டுக்குக் கடையில் கொடுத்த சீருடைப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கெங்கம்மா மீன் கூடையைத் தொடவில்லை. அடையாறு அலுவலகத்துக்குப் போய், குளிர்ந்த அறையில் பரத்வாஜுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“சார், அன்னிக்கு நான் சொன்னது மொத வெல.”

“புரியலம்மா.”

“நீ கொறைச்சிக் கேட்டிருக்கணும். கேக்கல. உன் தப்பும் கீது, என் தப்பும் கீது. இப்ப கேளு. ஏரோப்ளேன் வோணாம். கப்பல் இஞ்சினு குடு.”

அவர் திகைத்துப்போனார். “கப்பலா? அதுக்கெல்லாம் வாய்ப்பே இல்லம்மா.”

“அப்டி சொல்லு. இப்பதான் பேசக் கத்துக்கினுகீற. சரி, ரயிலு?”

“ரயிலும் முடியாதும்மா.”

“லாரி?”

பரத்வாஜ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். லாரி வகுப்புக்குப் பெரிய கொட்டகை வேண்டும், குப்பத்தில் இடமில்லை என்று இழுத்தார். கெங்கம்மா பெருமூச்சு விட்டாள். எழுந்து கதவு வரை நடந்தாள், திரும்பி வந்தாள். வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியதையும் சேர்த்து அவளே செய்ய வேண்டியிருந்தது.

“கடசி வெல சொல்றேன். படகு இஞ்சினு. வலைக்கூடத்துலயே. கணக்குல பெயிலானவளும் வரலாம். இதுக்கு மேல கொறைச்சா எனுக்குக் கட்டாது, நைனா.”

இஞ்சின் வகுப்பு என்று மேலே அனுமதி வாங்கியாகிவிட்டது, எந்த இஞ்சின் என்பதை மாற்றிக்கொள்ளலாம் என்றார் பரத்வாஜ். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரத்தில் ஜெயித்த களை அவர் முகத்தில் தெரிந்தது. போகட்டும் என்று அதை அவரிடமே விட்டு வந்தாள். மேலிடத்தில் பேச்சு மாறுவதற்குள் என்று விறுவிறுவென்று படியிறங்கினாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து அனுவுக்குப் போன் போட்டாள். ஒண்ணாம் தேதி வர முடியாது என்று புடவைக் கடைக்காரரிடம் சொல்லிவிடச் சொன்னாள்.  அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அழுவாத, சனியனே” என்றாள் கெங்கம்மா. “இஞ்சினுக்கு உப்புத் தண்ணி ஆவாது.”