மூவாயிரம் வெள்ளி, முப்பது லைட்டு

கேமிங் கம்ப்யூட்டர் கட்டிக் குடுக்கிற தொழில்ல ஸ்க்ரூ முடுக்கக் கத்துக்க ஒரு வாரம் போதும், வாயை மூடக் கத்துக்க ஒரு ஜென்மம் பத்தாது. கவுண்டருக்குப் பின்னால நின்னு சம்பளம் வாங்குற எல்லாருக்கும் இந்த வயித்தெரிச்சல் தெரியும். அதான் உங்ககிட்ட கொட்டுறேன்.

எங்க கடை பிரிக்பீல்ட்ஸ்ல, ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடி. முதலாளி சாகுல் பாய். நான் மெர்சி, ஆறு வருஷமா இங்க கம்ப்யூட்டர் கட்டுறேன். போன தீபாவளிக்கு முன்னால ரெண்டு பேரு இன்டர்நெட்ல எங்க கடைக்கு ஒரே ஒரு ஸ்டார் குடுத்து, "கவுண்டர்ல இருக்கிற அக்கா திட்டுது"ன்னு எழுதி வச்சுட்டாங்க. பாய் அதை எனக்கு வாசிச்சுக் காட்டுனாரு. "இன்னொரு கம்ப்ளேன் வந்துச்சுன்னா நீ கிள்ளான் குடோனுக்குப் போய் பெட்டி அடுக்கு, மெர்சி."

பாய் சும்மா மிரட்டுற ஆளில்ல. குடோன்ல ஸ்க்ரூடிரைவரையே தொட முடியாது. இந்தக் கையால ஒண்ணைக் கட்டி, பட்டனை அமுக்கி, அது உயிரோட எழுந்திரிக்கிறதைப் பாக்குறதுதான் எனக்கு இருக்கிற ஒரே சந்தோஷம். அதைப் போய் இந்த வாயால கெடுத்துக்குவேனா? பொத்திக்கிட்டு இருப்போம்னு முடிவு பண்ணேன். வர்றவங்க விட்டாத்தானே!

டெக்னிஷன் எங்க?

ஒரு ஆளு வந்தான். முப்பது வயசிருக்கும், ஆபீஸ் டேக் கழுத்துல தொங்குது. "டெக்னிஷன் இருக்காரா?"ன்னான். நான்தான்னு சொன்னேன். என் தோளுக்குப் பின்னால எட்டிப் பாத்தான், அங்க யாரையோ ஒளிச்சு வச்சிருக்கிற மாதிரி. சரி போகட்டும்னு, உங்க பட்ஜெட்டுக்கு இந்த ப்ராசசர் போதும், மிச்சக் காசை கிராபிக்ஸ் கார்டுல போடுங்க, கேம் படத்தை ஓட்டுறது அந்தக் கார்டுதான்னு நிதானமா விளக்குனேன். பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான்.

ஐயா மண்டையை ஆட்டிட்டு, போனை எடுத்து ஷா ஆலாம்ல இருக்கிற கூட்டாளியை வீடியோ கால்ல கூப்பிட்டான். அந்தப் புண்ணியவான் நான் சொன்னதையே, அதே வரிசையில, ஒரு எழுத்து மாறாம சொன்னான். போனை வச்சுட்டு என்னைப் பாத்து சிரிக்கிறான். "பாத்தீங்களாக்கா, தெரிஞ்ச ஆளுங்ககிட்ட கேட்டாதான் வெவரம் கெடைக்குது."

மீன் தொட்டி

கிள்ளான்லேர்ந்து தினேஷ்னு ஒருத்தன். கையில மூவாயிரம் வெள்ளி ரொக்கம். அது நல்ல பட்ஜெட்டுங்க, ஒழுங்கா செலவழிச்சா எந்த கேமையும் தாராளமா ஆடலாம். இவன் மொதல்ல எடுத்தது மூணு பக்கமும் கண்ணாடி வச்ச பெட்டி, அதுக்குள்ள மீனே வளக்கலாம். அப்புறம் லைட்டு வச்ச காத்தாடி ஒம்போது. லைட்டு வச்ச ராம். லைட்டு வச்ச ஒயரு. ஒயருக்கு எதுக்குடா லைட்டுன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துடுச்சு, முழுங்கிட்டேன்.

கடைசியில பவர் சப்ளைக்கு வந்தோம். கரண்டை வாங்கி உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி அது. அது மட்டமா இருந்தா ஒரு நாளு வெடிச்சு மத்ததையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிடும். தினேஷ் துரைக்கு அதுல பேரே இல்லாத ஒரு மட்டமான சாமான் போதுமாம். அப்பவும் காசு பத்தல. ரொம்ப யோசிச்சு அவன் லிஸ்ட்லேர்ந்து வெட்டுனது என்ன தெரியுமா? கிராபிக்ஸ் கார்டு! கேமிங் கம்ப்யூட்டர்ல கேம் ஓடாதுப்பான்னு கெஞ்சினேன், சத்தியமா கெஞ்சினேன். "கேம் அடுத்த வருஷம் ஆடிக்கலாம்க்கா, தீபாவளிக்கு ஸ்டேட்டஸ் போடணும்லா."

ஆறாவது லோரி

போர்ட் கிள்ளான்ல அஞ்சு லோரி ஓட்டுற குடும்பம். அந்த வீட்டு ஆன்டி, மகனுக்கு நாங்க கட்டிக் குடுத்த கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்தாங்க. சூடாகி சூடாகி நிக்குதாம். தொறந்தேன். தும்மல் வந்துடுச்சு. உள்ள காத்தை இழுக்கிற வலை மேல விபூதி, அதுக்கு மேல சாம்பிராணிக் கரி ஒரு விரக்கடை. ஒவ்வொரு காத்தாடி இறக்கையிலும் சந்தனம் குங்குமம் காஞ்சு கெட்டியாகி, காத்தாடி சுத்தும்போது பெட்டியே ஆடுது. வெள்ளிக்கிழமையானா அஞ்சு லோரிக்கும் சாம்பிராணி காட்டுவாங்களாம், அப்படியே உள்ள வந்து இதுக்கும் காட்டுவாங்களாம். ஆயுத பூஜைக்கு ஸ்பெஷலா பெட்டிக் கண்ணாடியைக் கழட்டி உள்ள பொட்டு வச்சிருக்காங்க.

சாமி விஷயம், சிரிக்கக் கூடாது. எங்க வீட்ல மட்டும் என்ன வாழுது? எங்கம்மா வைஃபை பெட்டி மேல பெரிய பைபிளை வச்சு அதைப் புழுங்க வச்சவங்கதான். அதனால மரியாதையாத்தான் சொன்னேன், ஆன்டி, பொட்டு வெளியில வைங்க, உள்ள வேணாம்னு. அந்தம்மா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "லோரி டயருக்கடியில எலுமிச்சம்பழமே வச்சு நசுக்குறோம், ஒண்ணும் ஆகலியே, ஒங்க சாமான்தான் மட்டம்."

கணக்குப் பாடம்

அப்பாவும் மகனும் வந்தாங்க. இருக்கிறதுலயே விலை கூடின கார்டைக் காட்டி, இது இல்லாம எஸ்பிஎம் பரீட்சைக்குக் கணக்குப் பாடம் படிக்க முடியாதுன்னு மகன் சாதிக்கிறான். அப்பா என்கிட்ட திரும்பி, நெசமாவாம்மான்னு கேட்டாரு. மகன் அவருக்குப் பின்னால நின்னு கையெடுத்துக் கும்பிடுறான். எனக்குப் பொய் வராது, தொலைஞ்சு போகட்டும். "பரீட்சைக்கு சாதாரண கம்ப்யூட்டரே போதும், அங்கிள்"னு சொல்லிட்டேன். படியிறங்கும்போது பையன் மட்டும் திரும்பி வந்தான். "அக்கா, நீங்க கடைக்கு வேல பாக்குறீங்களா, எங்கப்பாவுக்கு வேல பாக்குறீங்களா?"

ஒரே ஒரு நல்ல மனுஷன்

அப்புறம்தான் குணசேகரன் அண்ணன் வந்தாரு. துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவரு, அம்பது வயசுக்கு மேல. தனக்கே தனக்குன்னு ஒரு கம்ப்யூட்டர், அதுல கார் ரேஸ் ஓட்டணும். லைட்டு வேணாம், கண்ணாடி வேணாம், "நீங்களே சொல்லுங்கம்மா"ன்னு உக்காந்துட்டாரு. எனக்கு அவரைக் கட்டிப் புடிச்சு அழணும்போல இருந்துச்சு. நல்ல பவர் சப்ளை, நல்ல கார்டு, காத்தோட்டமான சாதாப் பெட்டி. கட்டுற நேரம் பூரா அவருக்கு இந்தத் தினேஷ் கதை, சாம்பிராணிக் கதை எல்லாத்தையும் சொல்லிச் சொல்லி சிரிச்சேன். கட்டி முடிச்சு ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாக்கணும், அதுதான் எங்க கடை வழக்கம். பேசுன சுகத்துல, ஆன் ஆனதுமே பேக் பண்ணிக் குடுத்துட்டேன்.

ரெண்டாவது நாளே திரும்பி வந்துட்டாரு. பத்து நிமிஷத்துல சூடாகி நிக்குதாம். கடை நெறைய ஆளு, பாய் கல்லாவுல. அடக்கி வச்சதெல்லாம் அந்த ஒரு நல்ல மனுஷன் மேல கொட்டிடுச்சு. "நீங்களுமாண்ணே? செவத்தோட ஒட்டி வச்சீங்களா? துணி போட்டு மூடுனீங்களா? இல்ல நீங்களும் சாம்பிராணி போட்டீங்களா?" நான் தொறந்தேன். ப்ராசசர் சூட்டை இழுக்கிற கூலரைக் கழட்டித் திருப்புனேன்.

அடியில பிளாஸ்டிக் ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. அது இருந்தா சூடு கூலருக்கு ஏறாது, மாட்டுறதுக்கு முன்னால உரிச்சுடணும்னு அதுலயே எழுதியிருக்கும். மொத நாள் வேலைக்கு வர்றவன் பண்ற தப்பு அது. நான்தான் பண்ணியிருக்கேன்.

கைக்குள்ள சுருட்டி மறைச்சிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. பாய் எழுந்து வர்றாரு. "என் தப்பு பாய், நான்தான் ஸ்டிக்கரை எடுக்காம மாட்டிட்டேன். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல"ன்னு எல்லாரும் கேக்கவே சொன்னேன். குணசேகரன் அண்ணன்கிட்டயும் மன்னிப்பு கேட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு, மறைக்கல.

பாய் அவரைப் பாத்து, "கம்ப்ளேன் எழுதணும்னா எழுதுங்கண்ணே, நான் நடவடிக்கை எடுக்குறேன்"னாரு. குணசேகரன் அண்ணன் அந்த ஸ்டிக்கரை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "மூணு கடை ஏறி எறங்கினேன் பாய், எல்லாரும் எனக்கு லைட்டைத்தான் விக்கப் பாத்தாங்க. இந்தப் பொண்ணு ஒண்ணுதான் வேண்டாததை வேணாம்னு சொல்லுச்சு. திட்டட்டும், பரவால்ல, ஸ்டிக்கரை எடுத்துட்டுத் திட்டச் சொல்லுங்க."

பாய் சிரிச்சுட்டாரு, நான் இன்னும் பிரிக்பீல்ட்ஸ் கவுண்டர்லதான் நிக்கிறேன், இப்பெல்லாம் யாரைத் திட்டுறதுக்கு முன்னாலயும் என் வேலையை ஒரு தடவை சரிபாத்துக்கிறேன், பாத்துட்டு நிம்மதியா திட்டுறேன்.