ஆறு சாடி செவ்வந்தி

பாரிசில் கௌரியக்காவுக்குத் தெரியாத பூ இல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். வினை அங்கேதான் வந்தது.

ரூ லூயி-பிளாங்க் தெருவில் என்னுடைய போன் கடைக்கு அடுத்த மளிகைக் கடையின் கீழறையில் இருந்து மாலை கட்டுவார். கல்யாணமோ, சாமத்தியவீடோ, செத்தவீடோ, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவர் கை படாத மாலை குறைவு. கை கட்டும், வாய் ஊர்வம்பு பேசும். இரண்டும் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. கணவர் இறந்த பிறகு ஒரே மகன் லவனைப் படிப்பித்து ஆளாக்கியது அந்தக் கைதான்.

லவனுக்கு லெத்திசியா என்ற பிரெஞ்சுப் பெண்ணோடு கல்யாணம் நிச்சயமானது. 2018 நவம்பர் பத்து. பெண்ணின் தகப்பன் ரேமண்ட், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாரிசுக்கு வெளியே எபினேயில் தனியாளாக மகளை வளர்த்தவர். அவர் சரி சொல்ல ஒரு வருடம் எடுத்தது. ஆகவே அழைப்பிதழ் கொடுக்கப் போகும்போது கௌரியக்கா வெறுங்கையோடு போவாரா?

"ஐப்பசி பிறந்தால் பூச்சந்தை முழுக்கச் செவ்வந்திச் சாடிதான், தம்பி. வெள்ளைக்காரருக்குச் செவ்வந்தி எண்டால் உயிர். அள்ளிக்கொண்டு போறாங்கள்" என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. கடையும் வீடுமாக இருப்பவனுக்குக் கல்லறைப் பக்கம் என்ன வேலை? விசாரித்துச் சொல்லக்கூடிய லவனோ அன்றைக்கு வேலையில் இருந்தான்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, என் கடை வான் வண்டியில் ஆறு சாடி மஞ்சள் செவ்வந்தியை ஏற்றிக்கொண்டு போய் ரேமண்டின் வாசலில் வரிசையாக வைத்தோம். கதவைத் திறந்த மனிதர் பூவைப் பார்த்தார். முகம் செத்துப்போனது. கௌரியக்கா விடவில்லை. கல்யாண மாலையும் இதில்தான் என்று தெரிந்த பிரெஞ்சில் பெருமையாகச் சொன்னார். ரேமண்ட் அழைப்பிதழைக்கூட வாங்காமல் கதவைச் சாத்தினார்.

இரவு லவன் போனில் கத்தினான். "அம்மா, அது செத்த ஆக்களுக்கு வைக்கிற பூ! என்ர மகளின்ர வாசலுக்குச் சாவைக் கொண்டுவந்திட்டீங்கள் எண்டு சொல்லுறார். கல்யாணத்துக்கு வரமாட்டாராம். அப்பா வராட்டி தான் மணவறையில் இருக்கமாட்டன் எண்டு லெத்திசியா அழுறா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கௌரியக்கா மூன்று நாள் மாலை கட்டவில்லை. நான்காம் நாள் நவம்பர் ஒன்று, பிரெஞ்சுக்காரர் கல்லறைக்குப் போகும் நாள். காலையிலேயே என்னிடம் வந்து நின்றார். "பூ அங்கைதானே நிக்குது. அவற்ற செத்த சனம் எங்கை எண்டு கேட்டு, அங்கை கொண்டுபோய் வைப்பம். வானை எடு." வேண்டாம் என்றேன். நான் சொல்லி அவர் எப்போது கேட்டார்?

சாடிகள் வாசலில் அப்படியே நின்றன. யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ரேமண்ட் கோட்டுப் போட்டுப் புறப்பட்டு நின்றார். கௌரியக்கா "பார்தோன், முசியே" என்று இரண்டு கையும் கூப்பினார். மிச்சத்தை நான் பிரெஞ்சில் சொன்னேன். ரேமண்ட் குனிந்து ஒரு சாடியைத் தூக்கி வான் வண்டியில் வைத்தார்.

அவர் வழி சொல்ல, போனது வெர்டன் போர்க்களத்துப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். மூன்று மணி நேர ஓட்டம். அவருடைய பாட்டிக்கு மூன்று அண்ணன்மார். மூவரையும் முதல் உலகப் போர் தின்றுவிட்டதாம்.

"அந்தச் சண்டை என்னத்துக்குத் தொடங்கினது எண்டு கேள், தம்பி."

ரேமண்ட் பெருமூச்சு விட்டார். "பாட்டியும் சாகும்வரை அதைத்தான் கேட்டாள். எங்கோ ஓர் ஊரில் ஓர் இளவரசனைச் சுட்டார்கள். அவனுக்காக ஒரு ராஜா எழும்பினான். அவனுக்குத் துணையாக ஒருவன், எதிராக இன்னொருவன். எல்லோரிடமும் ஒப்பந்தம் இருந்தது, வீம்பும் இருந்தது. பாட்டியின் அண்ணன்மார் கோதுமை அறுத்துக்கொண்டிருந்தார்கள்."

"எங்கட வேலிச் சண்டைதான்" என்றார் கௌரியக்கா. "வேலிக்குக் கதியால் நட்டவன் வீட்டுக்குள்ளை இருப்பான். வெட்டு வாங்கிறது வேறை ஆரோ."

நான் மொழிபெயர்த்தேன். ரேமண்ட் முதல்முறையாகச் சிரித்தார்.

நாற்பது வீடுகூட இல்லாத அந்த ஊரின் நினைவுக்கல்லில் இருபத்தேழு பெயர்கள். மூன்று பெயருக்கு ஒரே குடும்பப் பெயர். போர் முடிந்த மறுவருடம் நாடு முழுக்கக் கல்லறைகளுக்குப் பூ வைக்கச் சொன்னார்களாம். நவம்பர்க் குளிரைத் தாங்குவது செவ்வந்திதான். பதினான்கு லட்சம் பேருக்குச் செவ்வந்தி. சிறுவனாகச் சாடி சுமந்து பாட்டியின் பின்னால் நடந்ததையும், இந்த மணம் வந்தால் இன்றும் தனக்குச் சாப்பாடு இறங்காததையும் ரேமண்ட் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

பக்கத்துக் கல்லறையில் அண்ணன்மார் மூவருக்கும் தனித்தனிக் கல். ஆளுக்கு இரண்டு சாடி வைத்தோம். மூன்றாவது கல்லின் கீழ் எதுவும் இல்லை, உடல் கிடைக்கவில்லை என்றார். கௌரியக்கா அந்தக் கல்லை விட்டு நகரவில்லை.

"என்ர தம்பிக்கும் கிடைக்கேல்லை" என்றார்.

2009 மே மாதம், முள்ளிவாய்க்கால். ஒன்பது வருடமாக உலகக் கதையெல்லாம் பேசிய வாய் இதை மட்டும் என்னிடம் சொன்னதில்லை. ரேமண்டுக்கு அதைப் பிரெஞ்சில் சொன்னேன். ரேமண்ட் அங்கிருந்த ஒரு சாடியை எடுத்துக் கொஞ்சம் தள்ளி வைத்து, பெயர் என்ன என்று கேட்டார். இராஜேந்திரன். பிரெஞ்சு வாயில் அது சுலபமாக வருமா? நான்கு முறை சொல்லிப் பார்த்துச் சரியாக்கினார். நான் அழுதேன். வெட்கமில்லை.

திரும்பும்போது கௌரியக்கா, மாலையை ரோசாவில் கட்டுகிறேன், மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கேட்டார். பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார் ரேமண்ட். கல்யாணம் வரையிலான ஒன்பது நாளும் கௌரியக்கா எதையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

கல்யாணத்தன்று மண்டபம் திறக்க முன்பே, நாங்கள் வாசலில் நிற்க, ஒரு டாக்சி வந்தது. முதலில் லெத்திசியா இறங்கினாள். பின்னால் ரேமண்ட், கை நிறைய மஞ்சள் செவ்வந்தி. கொண்டுவந்து கௌரியக்காவின் கையில் கொடுத்தார். பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்து, அழுவதும் சிரிப்பதுமாக அவர் இரண்டு மாலை கட்டினார். ரோசா மாலைகளை வாசல் நிலையில் தொங்கவிட்டோம்.

மணமக்கள் மாலை மாற்றும்போது ரேமண்டின் அக்கா மதலேன் பதறிப்போய் எழுந்தார். "ரேமண்ட், அது செத்தவர்களின் பூ!"

"அவர்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், அக்கா" என்றார் ரேமண்ட். "நூறு வருடம் அவர்களுக்கு மட்டுமே கொடுத்தோம். உட்காருங்கள், இன்றைக்குப் பிள்ளைகள் போடட்டும்."