பூட்டியாச்சு

கதவைப் பூட்டினேனா இல்லையா என்று இன்றைக்கும் எழும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான். பூட்டித்தான் இருக்கும். திரும்பி வந்து இருந்தபிறகு, பூட்டின கதவைப் பார்த்தேனா, பூட்டியிருக்கும் என்ற நினைப்போடு பார்த்தேனா என்று மற்ற யோசனை வரும். என்னைக் கட்டின மாப்பிள்ளை சிரிப்பார். பத்தாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு யோசிக்க இவ்வளவு எங்கிருந்து வருகிறது என்று கேட்பார். எங்கிருந்து என்று எனக்குத் தெரியும். அது உம்மாட தொப்புளில் தொடங்கினது.

சாய்ந்தமருதில் எங்கட வீடும் சாச்சிட வீடும் ஒரே வளவுக்குள். சாச்சி என்றால் உம்மாட ஒரே தங்கச்சி. கல்முனைச் சந்தைக்கு, துணிக்கடைக்கு என்று உம்மா போகிறபோது வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு போவா. தூரத்துக் கல்யாண வீடு, மையத்து வீடு என்று எப்போது திரும்புவோம் என்று சொல்ல முடியாத இடங்களுக்குப் போகிறபோது மட்டும் திறப்பைச் சாச்சி கையில் குடுத்துவிட்டுப் போவா. இது எனக்கும் தெரியும். இடுப்பில் திறப்பு இருந்தால் நான் கேட்டிலேயே காத்து நிற்பேன். சாச்சி கையில் இருந்தால் விளையாடப் போய்விடுவேன்.

எங்கட வீட்டில் இன்னொரு பூட்டும் இருந்தது. பொழுது படுகிற மஃரிபு நேரம் பிள்ளைகள் வெளியில் நிற்கக்கூடாது, ஜின்னும் சைத்தானும் கிளம்புகிற நேரம் அது என்று ஓதுகிற பள்ளியில் சொல்லித் தந்திருந்தார்கள். கடற்கரையில் நின்றாலும் மம்மல் இருள் விழுந்ததும் ஓடி வந்துவிடுவேன். உம்மா என்னை அறைக்குள் கூட்டிப்போய் குர்ஆனில் இருந்து குல் சூறாக்களை ஓதி, இரண்டு உள்ளங்கையிலும் ஊதி, தலையில் இருந்து கால் வரைக்கும் தடவிவிடுவா. அது எல்லா வீட்டிலும் நடக்கிறதுதான். அதற்குப் பிறகு நடக்கிறது எங்கட வீட்டில் மட்டும். உம்மா சுட்டுவிரலை என்ட தொப்புளில் வைத்து, அலுமாரிப் பூட்டில் திறப்பைத் திருப்புகிற மாதிரி ஒரு திருப்புத் திருப்பி, “பூட்டியாச்சு” என்று சொல்லுவா. கூச்சத்தில் நான் நெளிவேன். ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் எனக்கு இராச்சாப்பாடு இறங்கும்.

மார்க்கத்தில் அப்படி ஒன்று இல்லை என்பதால் உம்மா அதை ஆருக்கு முன்னாலும் செய்யமாட்டா. எனக்கு மூத்தவர், காக்கா, அறைக்குள் வந்தால்கூடக் கையை எடுத்துவிடுவா. எனக்கும் அவவுக்கும் மட்டும் தெரிந்த பூட்டு அது.

எனக்கு எட்டு வயது நடக்கிற காலத்தில் உம்மாவுக்கு வயிற்று நோவு வந்தது. வலது விலாவுக்குக் கீழே. இறைச்சி சாப்பிட்டால் வரும், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வரும். வந்தால் அடுப்படியில் அப்படியே குந்திக்கொண்டு கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகை அழுத்துவா. வாய்வு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். உள்ளியைச் சுட்டுக் குடுத்தார்கள். நற்பிட்டிமுனைப் பரியாரி ஒருவரிடம் கசாயம் வாங்கி வந்தார்கள். உம்மா அதையும் குடித்து, குடித்த அளவுக்குச் சத்தியும் எடுத்தா. கடைசியில் வாப்பா கல்முனையில் ஒரு டொக்டரைக் காசு கட்டிச் சனல் பண்ணிக் காட்டினார். ஸ்கேனில் பித்தப்பைக்குள் கல் இருந்தது. பையோடு சேர்த்து எடுக்க வேண்டுமாம்.

வாப்பா வேன் ஓட்டுகிறவர், கதை குறைவு. அன்றைக்கு உம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிறையக் கதைத்தார். இப்ப வயிற்றை வெட்டுகிறதில்லையாம், சின்னச் சின்ன ஓட்டைதானாம், திறப்போட்டை ஒப்பறேசன் என்று பேராம், அடுத்த நாளே எழும்பி நடக்கலாமாம். உம்மா தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டா. சாச்சிதான், அப்ப பயப்பட ஒன்றும் இல்லை என்று, கேட்க ஆளில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னா.

திறப்போட்டை என்ற சொல் என்ட மண்டைக்குள் ஏறி இருந்துவிட்டது. பதினாலு வயதுக் காக்காவிடம் போய்க் கேட்டேன். காக்கா போனில் அந்த ஒப்பறேசன் வீடியோவைப் பார்த்து முடித்திருந்தார், பாதி டொக்டர் ஆகியிருந்தார். உம்மாட அலுமாரிக்கு முன்னால் என்னைக் குந்த வைத்து, திறப்போட்டையில் போன் வெளிச்சத்தை அடித்து, ஒரு கண்ணால் பார்க்கச் சொன்னார். உள்ளுக்கு இருட்டு. இருட்டுக்குள் வெள்ளையாக நீளமாக ஏதோ ஒன்று நின்றது, நான் மூச்சு விட்டபோது மெல்ல ஆடினது. அது உம்மாட தொழுகைப் பிடவை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பின்னால் தள்ளி விழுந்தேன்.

“இதுதான்,” என்றார் காக்கா. “ஒரு ஓட்டையால கெமரா, மத்த ஓட்டையால கத்தி. முதல்ல காத்தடிச்சு வயித்த பலூன் மாதிரி ஊதுவாங்க.”

“எதால ஊதுற?”

“தொப்புளால.”

அதற்குப் பிறகு காக்கா சொன்ன ஒன்றும் என் காதில் ஏறவில்லை. தொப்புளைத் திறந்து உள்ளுக்குப் போகிறவர்கள் வெளியே வந்தபிறகு பூட்டுவார்களா? பூட்டாமல் விட்டால், மஃரிபு நேரத்தில், ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடத்தில், அந்த ஓட்டையால் வேறு ஆரும் உள்ளுக்குப் போகமாட்டார்களா? வாப்பாவிடம் கேட்டால் சுவரைப் பார்ப்பார். உம்மாவிடம் கேட்கப் பயமாக இருந்தது.

ஒப்பறேசனுக்கு முந்தின நாள் பகல், லுஹர் தொழுதபிறகு, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. கதவு நீக்கலால் பார்த்தேன். உம்மாவும் சாச்சியும் எதிரெதிரே நின்றார்கள். உம்மாட விரல் சாச்சிட வயிற்றில் இருந்தது. திருப்பினா. பிறகு சாச்சிட கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்துத் திருப்பச் சொன்னா. சாச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா, தோள் இரண்டும் குலுங்கிக் கொண்டிருந்தது. “திரும்பவும் செய்யிகா,” என்றா உம்மா. சிரிப்பாணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கட பூட்டை, எனக்குச் சொல்லாமல், சிரித்துச் சிரித்துச் சாச்சிக்குக் குடுக்கிறாவே என்று கோபம் வந்தது. தண்ணீர் குடிக்காமலே திரும்பிவிட்டேன்.

விடிந்ததும் உம்மா திறப்பைச் சாச்சி கையில் குடுத்துவிட்டு வாப்பாட வேனில் ஏறிப் போனா. அன்றைக்கு மம்மல் நேரம் வீட்டுக்குள் ஓடி வந்த நான் அறை வாசலில் நின்றுவிட்டேன். உம்மா தொழுதுகொண்டிருந்தா. அவட இடத்தில், அவட பாயில், அலுமாரிக்குள் ஆடினதே, அதே வெள்ளைப் பிடவையில். ஸலாம் குடுக்கத் தலை வலது பக்கம் திரும்பினபோது அதற்குள் இருந்தது சாச்சிட முகம்.

சாச்சி என்னைக் கிட்டக் கூப்பிட்டா. ஓதினா, ஊதினா, தடவினா. பிறகு விரலை என்ட தொப்புளில் வைத்தா. உம்மா வைக்கிற அதே இடம், அதே அழுத்தம். திருப்பினபோது உம்மா இழுக்கிற மாதிரியே அந்தச் சொல்லின் கடைசி எழுத்தை இழுத்து, “பூட்டியாச்சு” என்றா. நான் நெளியவில்லை, சட்டையை இழுத்து வயிற்றை மூடினேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சோற்றுக்கு மேலே கறி படக்கூடாது, பக்கத்தில்தான் விட வேண்டும் என்பது என்ட கட்டளை, சாச்சி கேட்காமலே பக்கத்தில் விட்டா. படுக்கிறபோது போர்வையின் கிழிந்த மூலையை என்ட கைக்குள் வைத்தா. அந்த மூலை இல்லாமல் நான் உறங்கமாட்டேன் என்பது உம்மாவைத் தவிர வாப்பாவுக்கும் தெரியாது. சாச்சி இதற்கு முதல் என்னைப் படுக்க வைத்ததே இல்லை. ஒரு ஆளுக்குள் இன்னொரு ஆள் இருக்கலாமா என்று நான் கேட்க நினைத்தேன். ஆரைக் கேட்கிறது? எல்லாம் தெரிந்த ஆள் உம்மாதான், உம்மா இப்போது எங்கே இருக்கிறா என்பதுதானே எனக்குச் சந்தேகம்.

உம்மா வீட்டுக்கு வந்தா. வந்தது உம்மாதான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

வேனில் இருந்து இறங்கினபோது முன்பக்கம் வளைந்து, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்தா. கல்லை எடுத்த வயிறு சிறுத்திருக்க வேண்டும், அது ஊதியிருந்தது. என்னைப் பார்த்து, வா மகள் என்றா. குரல் உம்மாட குரல் இல்லை. கரகரத்து, ஆணா பெண்ணா என்று தெரியாத குரல். மயக்கத்தில் தொண்டைக்குள் குழாய் விட்டிருந்தார்கள் என்பது எனக்கு ஆரும் சொல்லாத விசயம். வயிற்றில் ஒப்பறேசன் செய்த ஆள், வயிறு அவ்வளவு இல்லை, தோள்தான் கொல்லுது என்று வலது தோளைப் பிடித்துக்கொண்டு முனகினா. ஊதின காற்றில் மிச்சம் கிடக்கிறது தோளுக்கு ஏறி வலிக்கும், தானாகப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் பார்த்த மிஸ்ஸி சொல்லி அனுப்பினதாக வாப்பா சாச்சியிடம் சொன்னார். அதையும் என்னிடம் சொல்லவில்லை. இரண்டு தோளிலும் மலக்குகள் இருக்கிறார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும். வலது பக்கம் நன்மை எழுதுகிறவர். அவரைத் தள்ளிவிட்டு இப்போது அதில் ஆர் ஏறி இருக்கிறது?

பக்கத்தில் போய் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். கையை எடுத்து உம்மாட விலாப் பக்கம் வைத்தேன். தோலுக்குக் கீழே காய்ந்த மணல் நெரிகிற மாதிரி ஏதோ நெரிந்தது. கையை இழுத்துக்கொண்டேன். அதுவும் அந்தக் காற்றுதான், தோலுக்குக் கீழே கொஞ்சம் புகுந்திருந்தது, பெரிய விசயம் இல்லை. எனக்கு அது உள்ளுக்குள் ஆரோ நடமாடுகிற சத்தமாக இருந்தது.

மஃரிபு நெருங்கினது. உம்மா கூப்பிடுவா என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். உம்மா என்னைப் பார்த்தா, பிறகு தலையைத் திருப்பிச் சாச்சியைப் பார்த்து அந்தக் கரகரத்த குரலில், “நீ பூட்டு,” என்றா.

அப்போது எனக்குக் கணக்கு விளங்கினது. உம்மா போகுமுன்னம் தன்னைச் சாச்சிக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறா. வெறுமையாகத் திறந்து கிடந்த வயிற்றுக்குள் வேறு ஒன்று புகுந்து, உம்மாட உடுப்போடு எங்கட வீட்டுக்கு வந்திருக்கிறது. அதற்குப் பூட்டத் தெரியாது. தெரிந்தால் பூட்டாதா? அந்த மம்மல் சாச்சி பூட்டினபோது, கட்டிலில் கிடந்தது எங்களையே கண் வெட்டாமல் பார்த்துக் கொண்டிருந்தது.

அடுத்த நாள் பாங்கு சொல்கிற நேரம். வாப்பாவும் காக்காவும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். சாச்சி உழூ எடுக்கக் குழாயடிக்குப் போயிருந்தா. கட்டிலில் கண் மூடியிருந்தது. சட்டை ஏறி, தொப்புளுக்கு மேலே வெள்ளைப் பிளாஸ்டர் தெரிந்தது. திறந்த இடம் அதுதான். ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஓடினால், சரியான உம்மா திரும்பி வர நினைத்தாலும் வீட்டுக்குள் வேறு ஆள் இருக்குமே என்று மனம் சொன்னது. உள்ளே இருக்கிறதை ஓதித் துரத்திப்போட்டுப் பூட்டிவிட வேண்டும்.

ஓதத் தொடங்கினேன். பயத்தில் வசனம் முன்பின்னாக வந்தது, பிழைத்தால் பலிக்காது என்று திரும்பவும் முதலில் இருந்து ஓதினேன். உள்ளங்கையில் ஊதினேன். நெற்றியைத் தொட்டபோது கண் திறந்தது. என்னைப் பார்த்தது. தடவிக்கொண்டு வந்து, பிளாஸ்டருக்கு மேலே விரலை வைத்துத் திருப்பினேன்.

அந்த உடம்பு முழுவதும் இறுகினது. ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. என்ட கையைத் தட்டிவிடவில்லை. பிறகு அந்தக் குரல் வந்தது.

“அந்தப் பக்கம் இல்ல மகள். நீ தொறக்கிறாய்.”

உம்மாட விரல் திரும்புகிறதை நான் எந்த நாளும் என்ட பக்கம் இருந்துதானே கண்டிருக்கிறேன், எந்தப் பக்கம் திருப்புகிறது என்று நினைத்தே பார்த்ததில்லை. உம்மா தன் கையை என்ட கைக்கு மேலே வைத்து, மற்றப் பக்கம் மெல்லத் திருப்பினா. அவட கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

“இப்ப சொல்லு,” என்றா.

“பூட்டியாச்சு,” என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது வாசலில் சாச்சி ஈரக்கையோடு நின்றா. உம்மாட வெள்ளைப் பிடவை அவட தோளில் கிடந்தது. அதை எடுத்து மடித்து, உம்மாட கால்மாட்டில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டா. உம்மாட குரல் சில நாளில் சரியாகினது. தோளும் சரியாகினது. எழும்பி நின்று தானே என்னைப் பூட்டத் தொடங்கினா. இப்போது என்ட மகளைப் பூட்டுகிறா.

என்ட மகள் வயிற்றில் இருந்த நாளில்தான் சாச்சி எனக்கு அந்தக் குசினிக் கதையைச் சொன்னா. என்ட உம்மாவையும் சாச்சியையும் பெத்த உம்மாவும் வயிற்று ஒப்பறேசனுக்கு என்று போனவதானாம். அது நீளத்துக்கு வெட்டுகிற காலம். மையத்தாக வந்தா. சாச்சிக்கு அப்போது கதை திருந்தாத வயது. மஃரிபு நேரமானால் அந்த உம்மா செய்கிற ஏதோ ஒன்றைச் செய்யச் சொல்லி அழுவாவாம். அது என்ன என்று ஆருக்கும் தெரியாது, சாச்சிக்குச் சொல்லவும் தெரியாது. அக்காவான எங்கட உம்மா தலையைத் தடவிப் பார்த்தா, காலைப் பிடித்துப் பார்த்தா, தாலாட்டிப் பார்த்தா. ஒன்றும் அது இல்லை. கடைசி வரைக்கும் அது என்ன என்று கண்டுபிடிக்கவே இல்லை.

“அதான் உன்ட உம்மா என்ன விடல்ல. அழுகையோட அழுகையா திருப்ப வச்சா,” என்றா சாச்சி.

நான் சிரிப்பு என்று நினைத்த தோள் குலுக்கம் அது. ஆனால் இப்போது என்னை எழுப்பி எழுப்பிக் கதவைப் பார்க்க வைக்கிறது அது இல்லை. உம்மா போனது கல்முனைக்குத்தான். வேனில் ஏறினால் கொஞ்சத் தூரம். கல்முனைக்குப் போகிறபோது திறப்பு இடுப்பிலேயே இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் அதைச் சாச்சி கையில் ஏன் குடுத்தா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.