தனிஸ்லாஸ் வியட்நாம் போனாரா?

உறுவையாறு தனிஸ்லாஸ் வாழ்நாளில் சொன்ன பொய்க்குக் கணக்கே கிடையாது. ஆனால் பிடிபட்டது ஒன்றே ஒன்று. மானம் கப்பலேற அந்த ஒன்று போதாதா?

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், கோயம்புத்தூரில் கம்பெனி வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, பக்கத்து மீனவ ஊரான நல்லவாட்டில் கூட்டாளியின் படகுக் கொட்டகையில் ரெண்டு நாள் படுத்துக் கிடந்து சுறாப்புட்டு தின்றார். கூடவே என்ன உள்ளே போனது என்று புதுச்சேரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வாரமே மீன் கூடையோடு வந்த நல்லவாட்டு காசம்மாள், தனிஸ்லாஸ் மனைவி அல்போன்சாவுக்கு சங்கரா மீனை எடை போட்டுக்கொண்டே, "உன் வூட்டுக்காரரு எங்க ஊர்ல ரெண்டு நாளா பாடுனாரும்மா. இன்னா கொரலு!" என்றாள். பாராட்டத்தான் சொன்னாள், பாவம். அன்றைக்குச் சங்கரா குழம்பு கொதித்ததைவிட அல்போன்சா கொதித்தது அதிகம்.

இந்த லட்சணத்தில்தான் மனுஷனுக்கு வெளிநாட்டு யோகம் அடித்தது. வில்லியனூர் பக்கத்தில் அரிசி ஆலைகளுக்கு மெஷின் செய்யும் கம்பெனியில் தனிஸ்லாஸ் ஃபிட்டர். அரிசியிலிருந்து கல்லைப் பிரிக்கிற மெஷின் ஓடும்போது காதை வைத்துக் கேட்டே எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வேலையில் அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வியட்நாமில் ஒரு ஆலைக்காரர் அந்த மெஷினை வாங்கினார். மாட்டி ஓட்டிக் காட்ட ஆள் வேண்டும் என்றதும் மேனேஜர் ராஜ்மோகன் இவரைக் கூப்பிட்டார்.

"ஆறு நாளு தனிஸ்லாஸ். காலைல வேல. மத்தியானத்துக்கு மேல அவங்களே ஊர சுத்திக் காட்டுவாங்க. நல்லா பாத்துட்டு வா."

தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து சொன்னார். அல்போன்சா கத்தரிக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"கோயம்புத்தூரு மாதிரி வியட்நாமா?"

"மாதா சத்தியமா அல்போன்சா..."

"மாதாவ ஏன் இழுக்கற? இதுவும் பொய்யின்னா, நீ திரும்பி வரும்போது நான் இந்த வூட்ல இருக்கமாட்டேன். நெல்லித்தோப்புல எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீ எந்த நாட்டுக்கு வேணா போ."

அல்போன்சா சொன்னால் செய்கிறவள்.

வியட்நாம் போய்ச் சேர்ந்து, முதல் நாள் மெஷினை இறக்கி, மட்டம் பார்த்து வைத்தார். மத்தியானம் ஆலை முதலாளி ஹுங், "எங்கள் நாட்டின் அழகைப் பாருங்கள்" என்று போனில் தமிழாக்கிக் காட்டி, காரில் ஏற்றி ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனார். இறங்கிப் பார்த்தால் நெல் வயல். வரப்போரம் தென்னை. பக்கத்தில் வாய்க்கால், வாய்க்காலில் எருமை. ஹுங் பெருமையாகச் சிரித்தார். அடப்பாவி, இதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தேன், பாகூர் ஏரிக்கரையில் சைக்கிளை மிதித்தால் வந்துவிடுமே என்று தனிஸ்லாஸுக்கு அழுகையே வந்தது. ஆனாலும் விருந்தாளி லட்சணமாகச் சிரித்து, போட்டோ எடுத்து அல்போன்சாவுக்கு அனுப்பினார்.

அவள் அதைத் தம்பி சகாய சுரேஷுக்கு அனுப்பினாள். சுரேஷ் புதுச்சேரி டவுனில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவனுக்குத் தெரியாத இடம் பூமியில் இல்லை என்பது அவன் கட்சி. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அவன் குரல் வந்தது. "மாமா, இது பாகூர் ஏரிக்குக் கெழக்கால இருக்கற வயலு. அந்த எருமய எனக்குத் தெரியும்."

வயலைக் காட்டினால்தானே வம்பு, எழுத்தைக் காட்டுவோம் என்று மறுநாள் கடைத்தெருவில் இறங்கி, பெயர்ப் பலகையாகப் பார்த்துப் பன்னிரண்டு போட்டோ எடுத்தார். இதற்கு சுரேஷ் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "அக்கா, இங்கிலீஷு எழுத்துக்கு மேல கொம்பு வெச்சிருந்தா அது பிரெஞ்சு. நான் டெய்லி சவாரி ஏத்தற தெருவுல வூட்டுக்கு வூடு இதான் மாட்டியிருக்கு. மாமா பீச்சாண்ட ரூம் போட்டுட்டாரு."

மூன்றாம் நாள் ரெண்டு கோபுரம் வைத்த பழைய மாதா கோயிலையும், ரோட்டோரம் விற்ற நீள ரொட்டியையும் அனுப்பினார். "கோயிலும் நம்மூரு, ரொட்டியும் நம்மூரு" என்று பதில் வந்தது. பிரெஞ்சுக்காரன் அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி கோயிலைக் கட்டி, ஒரே மாதிரி ரொட்டியைச் சுட்டுவிட்டுப் போன பாவத்துக்கு தனிஸ்லாஸ் என்ன செய்வார்? சரி, பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையைக் காட்டலாம் என்றால், அதை வந்த அன்றே லாட்ஜில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கிளம்பும்போதுதான் கொடுப்பார்களாம்.

அதனால் போன் பண்ண ஆரம்பித்தார். காலையில் எழுந்ததும் ஒன்று. ஆலைக்குப் போனதும் ஒன்று. ஒரு போல்டை முடுக்கிவிட்டு ஒன்று, அடுத்த போல்டுக்கு முன்னால் ஒன்று. எல்லாம் வீடியோ கால். அல்போன்சாவும் ஒன்றைக்கூட விடாமல் எடுத்தாள்.

"இன்னா சாப்ட்ட?"

"சோறும் மீன் கொழம்பும்."

"நல்லவாட்டு மீனா?"

"அய்யோ, இல்லடி."

"சரி, அந்தப் பக்கம் திருப்பு. யாரு அந்தம்மா? இன்னா நறுக்குது? ஏன் உன் கண்ணு செவந்து கெடக்குது, தூங்கலியா? எனக்கு இன்னும் நம்பிக்க வரல. சாயந்தரம் பண்ணு, பாக்கலாம்."

நாலாம் நாள் ஆற்றில் நூறு படகு நிறுத்திக் காய்கறி விற்கிற சந்தைக்கு ஹுங் கூட்டிப்போனார். தனிஸ்லாஸ் அதில் ஒரு பூசணிக்காயைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் போனுக்குத்தான் காட்டினார். அன்று பொழுது சாயும்போது ஆற்றங்கரையில் நின்றவருக்குப் பொறி தட்டியது. உடனே கூப்பிட்டார்.

"அங்க இன்னும் வெயிலடிக்குதா? இங்க பாரு, இருட்டிடுச்சி! ஒன்ற மணி நேரம் வித்தியாசம். இதுக்கு இன்னா சொல்ற?"

"தென்னந்தோப்புக்குள்ள பூந்து நின்னா இருட்டாதா?" என்றாள் அல்போன்சா.

ஐந்தாம் நாள் மெஷின் ஓடியது. பத்து மூட்டை அரிசியில் ஒரு கல்லு இல்லை. ஹுங் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் கடைசி நாள் பெரிய நகரத்துக்கே கூட்டிப்போய், எண்பது மாடிக் கட்டிடத்தின் உச்சியில் ஏற்றினார். இப்படி ஒன்று பாகூரில் இல்லை, வில்லியனூரில் இல்லை, சுரேஷ் அப்பன் வந்தாலும் மறுக்க முடியாது. தனிஸ்லாஸ் தலையைச் சீவிக்கொண்டு கண்ணாடியோரம் போனார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. வெளியே ஊரைக் காணோம், மேகம்தான் அப்பிக் கிடந்தது. இருந்தாலும் விடவில்லை, எடுத்து அனுப்பினார். "யாரு வூட்டு செவுரு மாமா?" என்று கேட்டான் சுரேஷ். "சுண்ணாம்பு நல்லா அடிச்சிருக்காங்க."

ஊர் திரும்பி, வில்லியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மனுஷன் வீட்டைப் பார்க்க ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். நெல்லித்தோப்புக்குப் போயிருப்பாளோ? பூட்டு தொங்குமோ? தெருமுனையில் எதிர்ப்பட்ட, அதே குடும்ப குரூப்பில் இருக்கும் ஆரோக்கியம், "இன்னா மாமா, பாகூர்லேர்ந்து இப்பதான் வரியா?" என்று கேட்டதற்கும் நிற்காமல் நடையை எட்டிப் போட்டார்.

கதவு திறந்திருந்தது. அல்போன்சா அடுப்பங்கரையில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். தனிஸ்லாஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி, பாஸ்போர்ட்டைப் பிரித்து முத்திரை தெரிகிற மாதிரி நீட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"எண்ணெ படப்போவுது, எடு அத. நீ வியட்நாம்லதான் இருக்கேன்னு, நீ போன் போட ஆரம்பிச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"எப்பிடி?"

"நல்லவாட்டுல இருந்த ரெண்டு நாளும் உன் போனு சுவிட்ச் ஆப். திருட்டுத்தனம் பண்றவன் நாளைக்குப் பதினாலு தடவ போன் போட்டு மூஞ்சியக் காட்டுவானா?"

தனிஸ்லாஸுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "அடிப்பாவி, அத அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? அவ்ளோ தூரம் போயி ஒரு எடத்தயாவது நிம்மதியாப் பாத்தனா நான்?"

அல்போன்சா அடுப்பைத் தணித்தாள்.

"கல்யாணமாயி பத்தொம்பது வருஷம். வேலைக்குப் போன எடத்துலேர்ந்து 'சாப்ட்டியா'ன்னு ஒரு போனு பண்ணியிருப்பியாய்யா நீ? நம்பறேன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்ப."