எலிசபெத்துக்கு ஒன்பது முழுப்பேர்

கொழும்பு புறக்கோட்டையில் காலை ஆறேகாலுக்குக் கரவனெல்ல பேருந்து. கட்டணம் முந்நூறு ரூபாய். அங்கிருந்து இன்னொரு பேருந்தில் புளத்கொகுபிட்டிய, பிறகு எண்ணூறு ரூபாய்க்கு ஆட்டோ. ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதை செங்குத்தான இடத்தில் ஓட்டுநர் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு மேல வண்டி ஏறாதுங்க. மனுசனோ சாமானோ, இனி நடைதான்."

இருநூறு படி ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் மலைச்சரிவு வெடித்திருந்தது. அங்கிருந்த ஆறு குடும்பங்களுக்கு ஒரு தொண்டு அமைப்பு வீடு கட்டியது. திருச்சியில் கட்டட மேற்பார்வை செய்து ஓய்வு பெற்ற நான் தொண்டராகப் போயிருந்தேன். குடும்பத்துக்கு ஒருவர் தினமும் வேலைக்கு வர வேண்டும். வருகைப் பதிவு என் பொறுப்பு. ஒரு வீட்டுக்கான கூரைத் தகடுதான் வந்திருந்தது. அதிக நாள் உழைத்த குடும்பத்துக்கு அது முதலில் போகும்.

காலை ஏழரைக்குத் தொடங்குவோம். ஐப்பசி மாதம், இரண்டு மணிக்கு மழை வந்துவிடும். அதற்குள் நாங்கள் கீழே விடுதிக்கு இறங்கிவிடுவோம்.

மூன்றாம் வீடு எலிசபெத்துடையது. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. ஒன்பது நாளில் ஒரு காலைகூட அந்தப் பெண் தலைகாட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டி வந்து நான் கல் தூக்குகிறேன், வீட்டுக்காரிக்கு நேரமில்லையாமே! வருகைப் பதிவில் ஒன்பது நாளும் பெருக்கல் குறி போட்டேன்.

ஒன்பதாம் நாள் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை மேலேயே மறந்துவிட்டு, மூன்று மணிக்குக் குடையோடு திரும்பினேன். படியில் ஒரு பெண் தலையில் மணல் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தார். மூட்டைமேல் பாலிதீன்; அவர் தெப்பமாக நனைந்திருந்தார். பெயர் கேட்டேன். எலிசபெத்.

"தினமுமா சுமக்குறீங்க?"

"விடிஞ்சா ரப்பர் பால் வெட்டணுங்க. நிறுத்துக் குடுத்துட்டு வர ரெண்டு மணியாவுது. காலையில நின்னா என் மரத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க சார்."

மூன்றாம் வீட்டு வாசலில் தினமும் காலையில் மணல் குவிந்திருக்கும். யார் கொண்டுவந்தது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

"எனக்கு எத்தன பேர் விழுந்திருக்குங்க?" என்றார்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. கிலோ குறைந்தால் அரைப்பேர்.

"ஒண்ணும் இல்லம்மா."

மூட்டையை இறக்காமலே நின்றார். "தோட்டத்துலகூட அரைப்பேராச்சும் போடுவாங்களே, சார்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

கேகாலையிலிருந்து வந்திருந்த அமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடம் அன்று மாலையே சொன்னேன். "அவங்க காலையில வரலையே சார்?" என்றார். "நாமதான் சாயங்காலம் வரல" என்றேன். மற்ற குடும்பங்கள் ஒப்புக்கொள்ளட்டும் என்றார்.

மறுநாள் காலை ஐந்து வீட்டாரையும் கூப்பிட்டுக் கேட்டோம். யாரும் மறுக்கவில்லை. "அவ சுமக்குறது எங்களுக்குத் தெரியுங்க" என்றார் முதல் வீட்டு மாரிமுத்து.

"பின்னே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே!"

பெருக்கல் குறிகளை அடித்துவிட்டு ஒன்பது முறை 'முழுப்பேர்' என்று எழுதினேன். வேறெந்த வீட்டுக்கும் எட்டுக்கு மேல் இல்லை. பன்னிரண்டாம் நாள் மூன்றாம் வீட்டில் தகடு ஏறியது.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு ஊருக்குக் கிளம்பினேன். பாதையோரம் எலிசபெத் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"போயிட்டு வாங்க சார்" என்று முகத்தை மட்டும் திருப்பினார். கை நிற்கவில்லை.

திருச்சியில் என் சொந்த வீட்டைக் கட்டப் பதினெட்டு மாதமாயிற்று. தினமும் மாலையில் போய் நின்று, வேலை மந்தம் என்று கத்துவேன். மாடிக்கு மணல் சுமந்த பெண்ணின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.